கச்சானுக்கு எதிரே ஒரு சிலிண்டர்

வண்டியில் மாற்றம் செய்தால் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் அப்போதே சொன்னது. எல்லா மாற்றத்துக்கும் அல்ல; பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் விவரங்கள் பொய்யாகிவிடும்படியான மாற்றத்துக்கு. நான் அதைப் படித்துவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுத்தேன். சிலிண்டரின் விட்டம் மாறப்போவதில்லை, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் மாறப்போவதில்லை. 175 சிசி என்று எழுதியிருந்த வண்டி, வேலை முடிந்த பிறகும் 175 சிசிதான். நிறம் கறுப்பு, கறுப்பாகவே இருக்கும். ஆகவே நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குக் குறைவில்லை. என் மேனேஜர் நினைத்தார். அண்ணன் நினைத்தான். எங்கள் தெருவில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அவர்களில் யாரும் அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் அல்லர்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தவள்; டைப் அடிக்கத் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள். புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். இப்போது கப்பலே கரைக்கு வந்தது. அங்கே எங்களுக்குத் தகரக் கூரை போட்ட ஓர் அறை. தலைமை அலுவலகம் பழையபடி ஊருக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உப்பளங்கள், அவற்றின் மேல் ஒரு சாலை.

துறைமுக அறையில் இருப்பவருக்கு ஒரு முக்கியமான வேலை. சரக்கு ஏறி முடிந்ததும் கப்பல் அதிகாரி ஒரு ரசீது எழுதிக் கொடுப்பார்: இத்தனை மூட்டை வந்தது, இத்தனை கிழிந்திருந்தது, இத்தனை நனைந்திருந்தது. அந்த ரசீதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தால்தான் தலைமை அலுவலகம் ஏற்றுமதிக்காரருக்குச் சரக்குச் சீட்டைக் கொடுக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் வங்கி அவரைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே ரசீது அன்றைக்கே, அலுவலகம் மூடுவதற்குள் வந்தாக வேண்டும். கிழியாத மூட்டையைக் கிழிந்தது என்று எழுதுவதில் கப்பல் அதிகாரிகளுக்குத் தனி ஆனந்தம் உண்டு. அவர்களோடு நின்று, மூட்டையைப் புரட்டிக் காட்டி, வாதாடி, எழுதியதை அடிக்க வைக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். டைப் அடிப்பது உத்தியோகம் அல்ல, சத்தம்.

அந்த நாற்காலியில் இருந்தவர் துபாய்க்குக் கிளம்பியபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி என்னை அங்கே உட்கார வைத்தார்கள். நான் எழுந்திருப்பதாக இல்லை.

அங்கே போய்வர எனக்கு ஒரு வண்டி இருந்தது. எங்கள் கோயில்பிள்ளை, அதாவது தேவாலயத்தில் மணி அடித்து மெழுகுதிரி ஏற்றுகிறவர், ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். ஆடி மாதத்துக் காற்று ஒரு நாள் அவரை வண்டியோடு சேர்த்து உப்புப் பாத்தியில் தள்ளியது. எழுந்து வந்தவர் அதை விற்றுவிட்டுத்தான் சட்டையையே மாற்றினார் என்று சொல்வார்கள். வாங்கியவள் நான். லைசென்ஸ் எடுக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பெண்ணுக்கு லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. எழுதியிருக்கவில்லை. நான் முன்பே பார்த்துவிட்டேன்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனி பாதியில் தொடங்கி ஆவணி தாண்டும்வரை எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வீசுவது கச்சான். காலையில் சும்மா இருக்கும். உச்சி வெயில் சாய்ந்ததும் எழுந்துவிடும். உப்பளத்துச் சாலையில் அதைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள்தான் உண்டு. காலையில் துறைமுகத்துக்குப் போகும்போது எனக்கு அதனால் தொந்தரவு இல்லை. மாலையில் ரசீதோடு ஊருக்குத் திரும்பும்போது அது நேர் எதிரே நிற்கும். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளுவார்கள். என் வண்டி மூன்றாவது கியரில் முனகும், இரண்டாவதில் அலறும், சற்று நேரத்தில் சூடாகி நின்றுவிடும். பாத்திகளிலிருந்து உப்பு நுரை பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். அப்படி இரண்டு தடவை அலுவலகம் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தேன். இரண்டு தடவையும் வாசலில் மேனேஜர் நின்றார்.

அவர் சென்னையிலிருந்து வந்தவர். கோபப்படத் தெரியாது, அனுதாபப்படுவார். அது அதைவிட மோசம்.

"இது உங்க தப்பு இல்லம்மா" என்றார். "அந்த ரோடு லேடீஸுக்கான ரோடு இல்ல. புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்கார். இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா அவர் துறைமுகத்துக்குப் போகட்டும். நீங்க இங்கயே ஃபேனுக்கு அடியில உக்காந்து டைப் பண்ணலாம்."

"திங்கட்கிழமை ஒரு கப்பல் வருது சார்" என்றேன்.

"தெரியும். அதையும் பாத்துடுவோம்."

மனு எழுதத் தெரியாதவள் அல்ல நான். யாருக்கு எழுத வேண்டும், யாருக்கு நகல் அனுப்ப வேண்டும், எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும், எல்லாம் தெரியும். ஆனால் என் வழக்கு மேனேஜரோடு அல்ல, காற்றோடு. காற்றுக்கு மனு கொடுக்கும் நடைமுறை எங்கும் இல்லை. அன்று மாலையே வண்டியை வீட்டின் பின்பக்கம், சமையல் நடக்கும் குசினியை ஒட்டி இருந்த முற்றத்தில் நிறுத்திச் சிலிண்டர் தலையைக் கழற்றினேன்.

அண்ணன் லாஞ்சு டிரைவர். மீன்பிடிக்கும் விசைப்படகை நாங்கள் லாஞ்சு என்போம். ஒரு பெரிய டீசல் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான். சாப்பிட்ட கையோடு வந்து என் பக்கத்தில் குத்தவைத்தான்.

"ஏளா, என்ன செய்யுத?"

"இழுவையைக் கூட்டப் போறேன்."

"காத்துக்கு எதுக்க போவணும்னா பாயை இறக்கணும். நீ சேலையை விரிச்சிக்கிட்டுப் போற. என்ஜின் என்ன செய்யும் பாவம்?"

"சேலைக்கு மேல மழைக்கோட்டு போட்டுப் பொத்தான் எல்லாம் போட்டுத்தான் அண்ணே போறேன். பாயும் இல்ல, கொடியும் இல்ல."

"அப்ப நீ கொஞ்சம் ஒல்லியாவணும்."

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏலே, இருக்கதையும் ஒல்லியாக்காத. கோயில்பிள்ளை பாத்தியில கெடந்தது மறந்துட்டா?"

அண்ணன் சிரித்துவிட்டுச் சிலிண்டரை எடுத்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தான். பிறகு தீவிரமானான். "லேசா எண்ணெய் போட்டு மூடி வைளா. என்ஜினுன்னா கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுச் செஞ்சிருப்பான். அதுல அரத்தை வைக்கதுக்கு நீ யாரு?"

"கணக்கு எனக்கும் தெரியும்."

"கணக்கு தெரியும். கை தெரியுமா?"

கையைக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே வாய்கள் இருக்கும். ஒன்று வழியாகப் புதுக் கலவை உள்ளே வரும், இன்னொன்று வழியாகப் புகை வெளியே போகும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அந்த வாய்களை மூடித் திறக்கும். வாய் எப்போது திறக்கிறது, எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதில்தான் வண்டியின் குணம் இருக்கிறது. பந்தயத்துக்குப் போகிறவர்கள் புகைவாயின் மேல் விளிம்பை உயர்த்துவார்கள். அப்படிச் செய்தால் வண்டி உச்ச வேகத்தில் பறக்கும், மெதுவாகப் போகும்போது சோம்பும். எனக்குப் பறக்க வேண்டியதில்லை. காற்றை முட்டிக்கொண்டு மூன்றாவது கியரில் ஊர் வந்து சேர வேண்டும். ஆகவே உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டுவது என்று முடிவு செய்தேன். அதிலும் ஓர் எல்லை உண்டு. வாய் மிதமிஞ்சி அகலமானால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் அந்தத் துளைக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டி உடையும்.

மெல்லிய காகிதத்தைச் சிலிண்டரின் உள்சுவரில் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து, வாய்களின் வடிவத்தை அப்படியே எடுத்தேன். அதைச் சிகரெட் அட்டையில் வெட்டி, எவ்வளவு அரத்தால் போக வேண்டும் என்று கோடு போட்டேன். பிறகு வட்ட அரம். இரும்பைத் தின்பது அவ்வளவு எளிது அல்ல. ஒரு மாலை முழுவதும் தேய்த்தால் ஒரு நகக்கீறல் அளவு போகும். அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் அதைத் திரும்ப ஒட்ட வழி இல்லை. உள்ளே கலவை வரும் பாதையின் மேடுகளை எமரி காகிதத்தால் வழித்து, எல்லா விளிம்புகளையும் கடைசியில் மழுங்கடித்தேன். விரலை விட்டுத் தடவினால் எங்கும் இடறக் கூடாது. இடறவில்லை.

அடுத்தது அமுக்கம். சிலிண்டர் தலையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் மேலே இருக்கும் அறை சிறியதாகும், கலவை இன்னும் இறுக்கமாக அமுங்கி வெடிக்கும், இழுவை கூடும். அதற்குச் சம தளமான ஒரு பரப்பு வேண்டும். வீட்டில் நல்ல கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அந்தோணியார் படச் சட்டத்தில் இருந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் படுக்கப்போட்டு, மேலே எமரி காகிதத்தைப் பரப்பி, மண்ணெண்ணெய் விட்டு, தலையைக் கவிழ்த்து எட்டுப் போட்டுத் தேய்த்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் மூன்றாவது தடவையும் போடச் சொல்லியிருப்பார்.

அம்மா வந்து சுவரைப் பார்த்தாள். "அந்தோணியார் மேல தூசி படுது."

"ரெண்டு நாள்மா."

"அவர் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சித் தருவார். கண்ணாடி காணாமப் போனா அவரே யார்கிட்டப் போய்க் கேப்பார்?" என்றாள். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு அந்த மேசையிலேயே எல்லாரும் சாப்பிட்டோம்.

எவ்வளவு தேய்ந்தது என்பதை அறிய, கம்பவுண்டரிடம் வாங்கிய ஊசிக் குழலில் எண்ணெய் எடுத்து, பிளக் துளை வழியாக அறையை நிரப்பி அளந்தேன். போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன். போதும் என்ற இடத்தில் நிறுத்தத் தெரிவது ஒரு படிப்பு. அது எங்கள் கல்லூரியில் இல்லை. பெட்ரோல் கூடுதலாக வர, கார்பரேட்டரில் பெரிய ஜெட் ஒன்று போட்டேன். மதுரைக்குப் போன ஒருவரிடம் சொல்லி வாங்கி வரவைத்தது. சைலன்சரின் உள்குழாயில் வருடக்கணக்காகப் படிந்திருந்த கரியை அடுப்பில் சுட்டு உதிர்த்தேன். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். அண்ணன் நடுவில் நாலைந்து தடவை வந்து போனான். கேலி குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தடவை வந்தபோது சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், விரலைத் துடைத்துக்கொண்டு போனான்.

திறந்து பூட்டிய என்ஜினை முதலில் மெதுவாக, விட்டுவிட்டு ஓட்டிப் பழக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, ஆற விட்டு, மறுபடி. சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். பஸ்ஸில் போய்விட்டு வந்து மதியத்துக்கு மேல் சாலையில் பழக்கலாம் என்று வைத்திருந்தேன்.

நான் பஸ் ஏறிப் போனதும் அண்ணன் கிளம்பியிருக்கிறான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். லாஞ்சு என்ஜினைப் பிரித்துப் பூட்டினால் அதை உடனே கடலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். படகைக் கரையில் கம்பத்தோடு வடம் போட்டுக் கட்டிவிட்டு, காலையிலிருந்து உச்சிவரை ஒரே சீராக ஓட விடுவார்கள். கட்டி ஓட்டாத என்ஜினை நம்பி யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை. போனவர்கள் மிதந்து வந்த கதைகள் உண்டு. அது நல்ல வழக்கம். டீசல் என்ஜினுக்கு, சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்கு, மிக நல்ல வழக்கம்.

தங்கை திறந்த என்ஜின் கட்டி ஓட்டாமல் சாலைக்குப் போவதை அண்ணனால் தாங்க முடியவில்லை. லாஞ்சில் கூட வேலை செய்யும் இரண்டு பேரை அழைத்து வந்தான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கிணற்றுத் தூணோடு லாஞ்சு வடத்தால் முன்னும் பின்னும் கட்டினார்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைப் பாதி முறுக்கி, அது திரும்பாமல் இருக்கக் கயிற்றால் சுற்றினார்கள். பிறகு மூன்று பேரும் தேநீரோடு உட்கார்ந்து, அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வண்டியைக் குளிர வைப்பது எதிரே வரும் காற்று. நிற்கும் வண்டிக்கு எதிரே காற்று ஏது? முற்றத்தைச் சுற்றிலும் ஆளுயரச் சுவர். ஊரையே புரட்டும் கச்சானும் காலையில் எழுவதில்லை. சிலிண்டர் கனலாகத் தகித்தபோது ஒருவன் ஈரச் சாக்கைப் போட்டிருக்கிறான். சாக்கு புகைந்ததும் இன்னொருவன் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்து அதன் மேல் ஊற்றியிருக்கிறான்.

நான் தெருவுக்குள் நுழையும்போது கூட்டம் எங்கள் வாசல்வரை நின்றது. வழிவிட்டார்கள். வண்டி தூணோடு கட்டியபடியே இருந்தது, கடத்தல்காரனைப் பிடித்துக் கட்டியது போல. கிக்கரை மிதித்தேன். இறங்கவில்லை. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "பொம்பள அரம் போட்டா இப்படித்தான்" என்றது. இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

அண்ணன் முகம் கறுத்துப் போயிருந்தது. "ஏளா, நான் அப்பமே சொன்னேன்லா. நீ அரம் போட்ட இடத்துல ரிங்கு மாட்டிக் கடிச்சிட்டு. நல்லவேளை கட்டி ஓட்டினோம். ரோட்டுல போய்க் கடிச்சிருந்தா உன் மண்டை போயிருக்கும். வித்துருவோம், விடு."

விற்றால் திங்கட்கிழமை அந்தத் தம்பி துறைமுகத்துக்குப் போவார். அதைவிட, நான் இழைத்து இழைத்துச் செய்த வேலை கெட்ட வேலை என்று தெரு முழுக்கத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்புச் சொல்லலாம், விசாரணை முடிந்த பிறகு.

"யாரும் போகண்டாம். இருந்து பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அலுவலகச் சேலையோடு உட்கார்ந்தேன். வடத்தை அவிழ்ப்பதற்கே அந்த இரண்டு பேரும் திணறினார்கள்; அவ்வளவு உண்மையாகக் கட்டியிருந்தார்கள். ஆறிப்போயிருந்த சிலிண்டர் தலையைக் கழற்றினேன். சிலிண்டரைச் சுற்றிலும் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி மேலே எடுத்தேன். பிஸ்டனைத் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"நீயே சொல்லு. எங்க கடிச்சிருக்கு?"

அவன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கோபத்தில் இருந்தாலும் என்ஜினைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வராது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாலு பக்கமும்."

"நான் அரம் போட்டது எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம் மட்டும் தனியா எதாவது இருக்கா?"

"இல்ல."

"ரிங்கு?"

நகத்தால் வளையத்தைச் சுண்டினான். "சும்மாதான் இருக்கு."

"அப்ப?"

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "சூட்டுல வீங்கிப் பிடிச்சிருக்கு."

கூட வந்தவர்களில் ஒருவன், "அதெப்படி அண்ணாச்சி, நாமதான் வாளித் தண்ணி ஊத்தினோம்லா" என்றான்.

"ஏலே, நீ வாயை மூடு" என்றான் அண்ணன். பிறகு என்னிடம், கொஞ்சம் தாழ்ந்த குரலில், "தண்ணி பம்பு எங்கன இருக்குன்னு காலையில தேடினேன் பாத்துக்க. காணல. சின்ன என்ஜினுதான, தேவப்படாது போலன்னு விட்டுட்டேன்" என்றான்.

"இதுக்குப் பம்பு ரோட்டுல இருக்கு. ஓடினாத்தான் வேலை செய்யும்."

கூட்டம் கலைந்தது. தீர்ப்பு மாறியதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது எங்கள் தெருவின் நடைமுறை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள், ஸ்பானரைத் தொட மாட்டார்கள். நான் பூசை முடிந்து வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்தேன். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"சனிக்கிழமை வலையில சுறா மாட்டுனா, ஞாயித்துக்கிழமைன்னு அவுத்து விட்டுருவீயளா?"

அம்மா யோசித்தாள். "சுறா காசு தரும்" என்றாள். ஆனால் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள், பார்க்காத ஒன்றுக்கு அவள் சாட்சி இல்லை என்பது போல.

பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஈஷிப் போயிருந்தது. சுரண்டினால் சுவர் கெடும். சோப்புக் காய்ச்சப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் துணியில் நனைத்து வைத்தால் அலுமினியம் கரையும், இரும்பு அப்படியே இருக்கும். பள்ளிக்கூட வேதியியல். அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தான். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கருவியைத் தொடாதவன். பிஸ்டனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடித்த தழும்புகளை எமரியால் ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவ்வளவு கவனமாக நீவினான்.

வெயில் தாழ்ந்ததும் சாலைக்கு எடுத்துப் போனேன். கொஞ்ச தூரம், நிறுத்தம், ஆறுதல், மறுபடி கொஞ்ச தூரம். அண்ணன் பின்னால் உட்கார்ந்து குனிந்து குனிந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே வந்தான். பிஸ்டன் கொஞ்சம் தேய்ந்துவிட்டதால் என்ஜினுக்குள் லேசாக ஒரு தட்டும் சத்தம் சேர்ந்திருந்தது. அது கடைசிவரை போகவில்லை. போக வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை கப்பலில் கடைசி மூட்டை ஏறியபோதே தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் அதிகாரி ஒரு பக்கம் முழுக்கக் குறை எழுதி வைத்திருந்தார். நனைந்தது என்று அவர் எழுதிய மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவரையும் தொட வைத்து, அடிக்க வைத்தேன். அதில் நேரம் போனது. நேரம் போகிறதே என்று ஒரு மூட்டையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து என்ன பயன்? அதற்குத் தபாலே போதும்.

உப்பளச் சாலைக்குத் திரும்பியதும் காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. மழைக்கோட்டின் பொத்தான்களை மறுபடி பார்த்துக்கொண்டேன். இரண்டாவது கியர். மூன்றாவது. வழக்கமாக முனகும் இடம் வந்தது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன். முனகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முட்டும் ஆட்டுக்கடா மாதிரி அது பாட்டுக்குப் போனது. பஸ் ஒன்று கியர் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு பக்கத்தில் வந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாத்தி நுரை முகத்தில் அடித்தது. உதட்டில் உப்பு. கோயில்பிள்ளை விழுந்த இடத்தைத் தாண்டும்போது காற்று ஒரு தடவை பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தது. விழுந்தால் தெரு முழுக்க வந்து பார்க்கும் என்ற நினைப்பே என்னை நிமிர்த்தி வைத்தது. நாலாவது கியருக்கு ஆசைப்படவில்லை. மூன்றாவதிலேயே ஊர் வந்தேன்.

அலுவலகம் திறந்திருந்தது. ரசீதை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், அடிக்கப்பட்ட குறைகளைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காத்து கொஞ்சம் கம்மியோ?" என்றார்.

என் முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. துடைக்காமல் அப்படியே நின்றேன், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

மறுநாள் இன்னொரு கப்பலில் வேலை இருந்தது. காலையில் தலைமை அலுவலகத்தில் தாள்களை வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது மேனேஜர் அந்தப் புதுத் தம்பியை அழைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கி வந்தார். சாத்தான்குளம் பக்கத்துப் பையன்; நல்லவர், வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு.

"உங்க வண்டி இப்ப பிரமாதமா ஓடுதும்மா. அப்புறம் என்ன பிரச்சினை? தம்பி அதை எடுத்துட்டுப் போகட்டும். பெட்ரோல் கம்பெனி போடும். நீங்க நிம்மதியா இங்க இருக்கலாம்."

ஆக, காற்று ஒரு சாக்குத்தான். அதைத் தாண்டியதும் அடுத்தது வந்துவிட்டது. விதி சொல்லி மறுத்திருக்கலாம். வண்டி என் பெயரில் இருக்கிறது, என் சம்மதம் வேண்டும், விபத்தானால் பொறுப்பு யாருடையது என்று அடுக்கத் தெரியும். விதியில் தோற்றவர் இன்னொரு விதி தேடுவார். சாவியைத் தம்பியிடம் நீட்டினேன்.

அமுக்கத்தைக் கூட்டிய என்ஜினுக்கு ஒரு குணம் வந்துவிடும். கண்டபடி உதைத்தால் திருப்பி உதைக்கும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போய், கனமாகத் தட்டுப்படும் இடத்தைக் கடந்து, அதற்குப் பிறகுதான் மிதிக்க வேண்டும். இதைத் தம்பியிடம் ஒழுங்காகச் சொன்னேன், மேனேஜர் காது கேட்கவே.

"எனக்குத் தெரியும்க்கா" என்றார் தம்பி. "எங்க மாமா இதைவிடப் பெரிய வண்டியே வச்சிருக்காவ." எழும்பி நின்று ஓங்கி உதைத்தார்.

கிக்கர் வந்த வேகத்தில் திரும்பி அவர் கெண்டைக்காலில் அடித்தது. அவர் மெதுவாக "மாமா" என்றார். கெட்டிக்காரர், ஆனால் ரோஷக்காரர். மறுபடி உதைத்தார். இந்தத் தடவை செருப்பு கழன்று முற்றத்தின் மூலைக்குப் போனது. பியூன் அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனார்.

"தள்ளுங்க தம்பி" என்று மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைக் கிக்கரில் வைத்தார். தம்பி உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்த இடம் முட்டை அளவு வீங்கியிருந்தது. அதைப் பார்த்தார். காலை எடுத்தார்.

பியூன் கொண்டுவந்த தண்ணீரைத் தம்பி ஒரே மூச்சில் குடித்தார்.

"கப்பல்ல வேலை எப்ப தொடங்குது?" என்று கேட்டார், தெருவைப் பார்த்தபடி.

"தொடங்கியாச்சு சார்."

தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கினேன். கிக்கரைக் கால் விரலால் அழுத்தி, கனம் தட்டும் இடத்தைக் கடந்து, ஒரே மிதி. என்ஜின் பிடித்துக்கொண்டது, அந்தத் தட்டும் சத்தத்தோடு.

ஃபேனுக்கு அடியில் இருந்த நாற்காலியில் தம்பியை உட்கார வைத்தார்கள். என்னைவிட நன்றாகவே டைப் அடித்தார். அதை எழுத்தில் கொடுக்கவும் நான் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.